பத்து வீதப் பங்கிலாபமும் ஐந்தொகையின் அடிக்குறிப்பும்

எங்கள் வீடுகளில் பங்குச் சந்தைப் பேச்சு கூடிவிட்டது. முன்னர் கையில் நாலு காசு சேர்ந்தால் அது நகையாகும், சீட்டாகும், ஊரில் ஒரு துண்டுக் காணியாகும், வந்த நாட்டில் ஒரு வீட்டுக்கு முற்பணமாகும். இப்போது பல்கலைக்கழகம் முடித்த பிள்ளைகள் கைத்தொலைபேசியில் ஐம்பது பவுணுக்கும் நூறு டொலருக்கும் பங்கு வாங்குகிறார்கள். வீட்டுக் கடனைக் கட்டி முடித்த தாய் தகப்பனும், ஓய்வூதியத்துக்கு மேலால் ஏதாவது வரட்டும் என்று, வங்கியில் கிடக்கும் சேமிப்பை அந்தப் பக்கம் நகர்த்தப் பார்க்கிறார்கள். இதில் பிழை ஒன்றுமில்லை. ஆனால் எதைப் பார்த்து வாங்குகிறோம் என்று கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் இரண்டு எண்கள்தான்: "பி-ஈ குறைவு, டிவிடெண்ட் கூட." வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் பங்கு வாங்கும் செயலியிலேயே கம்பனியின் பெயருக்குக் கீழே அந்த இரண்டும் இருக்கும்.

அந்த இரண்டு எண்களும் மிக அழகாக இருந்த ஒரு கம்பனி சில மாதங்களில் ஒன்றுமில்லாமல் போன கதை பிரித்தானியாவில் நடந்திருக்கிறது. கரிலியன் என்ற அந்தக் கம்பனியின் கணக்கை வைத்தே நிதி விகிதங்களை இங்கே விளக்கப் பார்க்கிறோம். பாடப்புத்தக உதாரணத்தில் எண்கள் எல்லாம் சொன்னபடி கேட்கும். உண்மையான கம்பனியின் கணக்கில் அப்படியில்லை.

கரிலியன் 1999 இல் டார்மாக் கம்பனியிலிருந்து பிரிந்து உருவானது. வீதி போட்டது, மருத்துவமனை கட்டியது, சிறைச்சாலைகளைப் பராமரித்தது, பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு கொடுத்தது. கனடாவிலும் வேலை செய்தது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைகளில் பனி அள்ளும் ஒப்பந்தங்கள் அதனிடம் இருந்ததால், ரொறன்ரோப் பக்கத்து வாசகர்களுக்கும் அந்தப் பெயர் நினைவிருக்கலாம். உலகெங்கும் ஏறக்குறைய 43,000 பேர் அதில் வேலை செய்தார்கள். அரசாங்கத்தோடு ஒப்பந்தம், பெரிய பெயர், லண்டன் பங்குச் சந்தையில் இடம். ஒரு சாதாரண மனிதர் "இது விழாது" என்று நினைப்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

2017 ஜூலை மாதத் தொடக்கத்துக்குப் போவோம். கரிலியனின் ஒரு பங்கு ஏறக்குறைய 190 பென்ஸ். முதல் வருடம், அதாவது 2016 இல், கம்பனி பங்கொன்றுக்குச் சுமார் 30 பென்ஸ் உழைத்ததாகக் கணக்குக் காட்டியிருந்தது. 190 ஐ 30 ஆல் வகுத்தால் 6 சொச்சம். இதுதான் விலை உழைப்பு விகிதம், எல்லோரும் பி-ஈ என்று சொல்வது. கம்பனி இதே அளவு உழைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் கொடுத்த விலைக்குச் சமமான உழைப்பைக் காண ஆறு வருடங்கள் போதும் என்பது அதன் பொருள். பல நல்ல கம்பனிகளின் பங்குகள் 15 மடங்குக்கும் 20 மடங்குக்கும் விலைபோகும்போது 6 மடங்கு என்றால் மலிவு விற்பனை மாதிரித்தான் தெரியும்.

பங்கிலாபத்தைப் பார்த்தால் இன்னும் ஆசை வரும். 2016 ஆம் ஆண்டுக்குப் பங்கொன்றுக்கு 18.45 பென்ஸ். அதை 190 ஆல் வகுத்தால் 9.7 வீதம். இங்கிலாந்து வங்கியின் வட்டி வீதம் அப்போது 0.25 வீதமாக இருந்தது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பத்தாயிரம் பவுணை வங்கியில் போட்டால் வருடத்துக்கு ஒரு வேளை கடைச் சாப்பாட்டுக்குத்தான் காணும். கரிலியனில் போட்டால் 970 பவுண். அதற்கு மேல், கம்பனி தொடங்கிய காலத்திலிருந்து வருடா வருடம் பங்கிலாபத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருந்தது. கணக்காய்வாளர்கள் கே.பி.எம்.ஜி. அவர்கள் 2016 கணக்குக்கு எந்தக் குறையும் சொல்லாமல் ஒப்பம் வைத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் வகுத்தலைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். விகிதம் என்றால் மேலே ஒரு எண், கீழே ஒரு எண். விகிதம் நன்றாக வருவதற்கு இரண்டு வழி உண்டு: மேலே உள்ளது கூடலாம், அல்லது கீழே உள்ளது குறையலாம். அதே 18.45 பென்ஸ் பங்கிலாபம், பங்கின் விலை 370 பென்ஸாக இருந்திருந்தால், 5 வீதம்தான். கம்பனி தாராளமாகக் கொடுப்பதால் வீதம் ஏறுவது ஒன்று. பங்கை வைத்திருந்தவர்கள் விற்றுவிட்டு ஓடுவதால் விலை இறங்கி, அதனால் வீதம் ஏறுவது இன்னொன்று. செயலியில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

சீட்டுக் கட்டியவர்களுக்கு இது புதிதல்ல. ஏலத்தில் எல்லோரையும் விடக் கூடுதலாகக் கழிவு கேட்டு எடுப்பவருக்குத்தான் காசு மிக அவசரமாகத் தேவைப்படுகிறது என்று பழைய ஆட்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அந்த மாதம் கழிவு நல்லது. ஆனால் அந்த ஆள் மிச்ச மாதங்களைக் கட்டுவாரா என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். சீட்டில் இவ்வளவு கவனமாக இருக்கிற நாங்கள், ஒரு பெரிய கம்பனியின் 9.7 வீதத்தைக் கண்டவுடன் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம்.

உண்மையில் சந்தையில் சிலர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தார்கள். ஸ்டாண்டர்ட் லைஃப் என்ற பெரிய முதலீட்டு நிறுவனம் கரிலியனின் கடனையும் ஓய்வூதியப் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு, 2015 டிசெம்பரிலிருந்தே தன் பங்குகளை விற்கத் தொடங்கியிருந்தது. விலை இறங்கும் என்று பந்தயம் வைப்பவர்கள் லண்டன் சந்தையில் அதிகம் குறிவைத்த கம்பனிகளில் ஒன்றாகக் கரிலியன் இருந்தது. ஆகவே பி-ஈ 6 என்று கண்டால் சந்தை ஒரு நல்ல பொருளை மறந்துவிட்டது என்று மட்டும் எண்ணக்கூடாது. சந்தைக்கு ஏதோ தெரியும், அது எனக்குத் தெரியவில்லை என்றும் இருக்கலாம். எது என்று பார்க்க வேறு எண்கள் வேண்டும்.

முதலில் உழைப்பு என்று சொல்லும் அந்த 30 பென்ஸைப் பார்ப்போம். ஊரில் கடை வைத்திருந்தவர்களிடம் கடன் கொப்பி ஒன்று இருக்கும். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் கொடுத்து, பெயருக்கு நேரே தொகையை எழுதி வைப்பார்கள். கணக்கின்படி அது விற்பனை. இலாபமும் வந்துவிட்டது. ஆனால் லாச்சியில் காசு இல்லை. நாளைக்கு மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டுமென்றால் கொப்பியைக் கிழித்தா கொடுப்பது? பெரிய கம்பனியின் இலாப நட்டக் கணக்கும் பெரும்பகுதி இந்தக் கொப்பிதான். காசு எங்கே என்று சொல்வது காசுப் பாய்ச்சல் கூற்று.

கட்டட ஒப்பந்தக் கம்பனியில் இது இன்னும் ஒரு படி மேலே. மூன்று நான்கு வருடம் இழுக்கும் ஒரு மருத்துவமனை வேலையில், இந்த வருடம் எத்தனை வீதம் முடிந்தது, முடிவில் மொத்தச் செலவு எவ்வளவாகும், இலாபம் எவ்வளவு மிஞ்சும் என்று மதிப்பிட்டுத்தான் இந்த வருடத்து இலாபத்தை எழுதுவார்கள். அதாவது, கொப்பியில் எழுதியிருப்பது கொடுத்த சாமானின் விலை கூட இல்லை, இனிமேல் கொடுக்கப் போகும் சாமானில் வரும் என்று நினைக்கும் இலாபத்தின் ஒரு பங்கு. இது சட்டப்படியான முறைதான், வேறு வழியும் இல்லை. ஆனால் மதிப்பீடு கொஞ்சம் பிழைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இலாப வீதம் என்ற இன்னொரு விகிதத்தைப் பார்க்க வேண்டும். 2016 இல் கரிலியனின் மொத்த வருமானம் 5.2 பில்லியன் பவுண், வரிக்கு முந்திய இலாபம் 147 மில்லியன். வகுத்தால் 2.8 வீதம். நூறு பவுண் வேலையில் மூன்று பவுண் கூட மிஞ்சவில்லை. நூறு பவுண் வேலையின் செலவை மூன்று பவுணால் குறைத்து மதிப்பிட்டிருந்தால் அந்த வருட இலாபம் முழுதும் கற்பனை. லிவர்பூலில் கட்டிய மருத்துவமனையில் உத்தரங்களில் வெடிப்புக் கண்டது போன்ற ஒரு சங்கதி வந்தால் மூன்று பவுண் எந்த மூலைக்கு?

இதனால்தான் இலாபத்தைத் தனியாகப் பார்க்காமல், தொழிலிலிருந்து வந்த காசை இலாபத்தால் வகுத்துப் பார்ப்பது எங்களைப் போன்ற கணக்காளர்களின் பழக்கம். அது ஒரு வருடம் 1 க்குக் கீழே இருந்தால் காரியமில்லை. ஏதாவது பெரிய கட்டணம் ஜனவரிக்குத் தள்ளிப் போயிருக்கலாம். நாலைந்து வருடமாகக் கீழேயே இருந்தால் இலாபம் கொப்பியில்தான் இருக்கிறது என்று பொருள். கரிலியனில் 2012 தொடக்கம் 2016 வரையான ஐந்து வருடங்களில், தொழிலிலிருந்து வந்த காசை விட 200 மில்லியன் பவுணுக்கு மேல் கூடுதலாகப் பங்கிலாபம் கொடுத்திருந்தார்கள் என்று பின்னர் பாராளுமன்றக் குழுக்கள் கண்டன.

பங்கிலாபத்துக்கு வழமையாகப் பார்ப்பது, இலாபம் அதை எத்தனை தடவை கொடுக்கக் காணும் என்ற விகிதம். 2016 இல் வரிக்குப் பிந்திய இலாபம் சுமார் 130 மில்லியன், பங்கிலாபம் சுமார் 79 மில்லியன். 1.6 தடவை. பாடப்புத்தகப்படி பயமில்லை. ஆனால் பங்கிலாபம் கொப்பியிலிருந்து போவதில்லை, லாச்சியிலிருந்துதான் போகிறது. காசில் கணக்குப் பார்த்தால், ஐந்து வருடத்தைச் சேர்த்து, ஒரு தடவை கொடுக்கவே காணாது. அப்படியென்றால் மிச்சம் எங்கிருந்து வந்தது? கடனிலிருந்து. கடன் வாங்கித் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுப்பது போல, பங்குக்காரருக்கு வருடா வருடம் கூட்டிக் கூட்டிக் கொடுத்தார்கள்.

கடன் விகிதத்துக்கு வருவோம். இந்தக் கட்டுரையில் ஒரு இடத்தைத்தான் இரண்டு தடவை வாசிக்க முடியுமென்றால் இதை வாசியுங்கள்.

கம்பனியின் கடனை அதன் உரிமையாண்மையால், அதாவது சொத்தில் பொறுப்பைக் கழித்து வருவதால், வகுத்தால் கடன் விகிதம் வரும். 2016 டிசெம்பர் 31 இல் கரிலியனின் நிகரக் கடன் 219 மில்லியன், உரிமையாண்மை ஏறக்குறைய 730 மில்லியன். விகிதம் 0.3. தன் காசு ஒரு பவுணுக்கு முப்பது பென்ஸ்தான் கடன். வீட்டுக் கடன் கட்டும் எங்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு விகிதம் இருக்கிறது?

ஆனால் ஐந்தொகை என்பது ஒரு நாளில் எடுத்த படம். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டைக் கூட்டித் துடைத்து, சாமான்களைப் பின்னறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துகிறோம் அல்லவா, அதைப் போல வருட முடிவில் வரவேண்டிய காசை விரட்டி வாங்கி, கொடுக்க வேண்டியதைத் தள்ளிப் போட்டால் அந்த ஒரு நாளில் கடன் குறைந்து தெரியும். அந்த வருடத்தின் சராசரி நிகரக் கடன் 587 மில்லியன் என்று கரிலியனே வெளியிட்டிருந்தது. ஒளித்து வைக்கவில்லை. செயலிகள் எடுப்பது கடைசி நாள் எண்ணை என்பதால் சாதாரண முதலீட்டாளரின் கண்ணில் அது படவில்லை. 587 ஐ 730 ஆல் வகுத்தால் 0.8.

இன்னும் முடியவில்லை. கரிலியன் தன்னிடம் வேலை செய்த சிறிய ஒப்பந்தக்காரர்களுக்குக் காசு கொடுக்க 120 நாள் வரை எடுத்தது. அதற்கு முன் வேண்டுமென்றால், கொஞ்சக் கழிவோடு வங்கி கொடுக்கும், பிறகு கரிலியன் வங்கிக்குக் கட்டும். வங்கிக்குக் கட்ட வேண்டிய காசு என்றால் அது கடன்தானே. ஐந்தொகையில் அது கடனாகப் போடப்படவில்லை, ஏனைய கடன்கொடுத்தோர் என்ற வரிக்குள் போய்விட்டது. மூடிஸ் என்ற தரப்படுத்தும் நிறுவனம், இப்படி இருந்த தொகை 498 மில்லியன் வரை இருக்கலாம் என்று பின்னர் சொன்னது. அதையும் சராசரிக் கடனோடு கூட்டினால் தோராயமாக 1,085 மில்லியன். 730 ஆல் வகுக்க, விகிதம் 1.5 க்கு வந்துவிட்டது. அதே கம்பனி, அதே வருடம். 0.3 என்று தொடங்கினோம்.

கீழே உள்ள 730 ஐயும் விட்டுவிடக் கூடாது. ஒரு கம்பனி இன்னொரு கம்பனியை அதன் சொத்துப் பெறுமதியை விடக் கூடக் கொடுத்து வாங்கினால், கூடக் கொடுத்த தொகையை நன்மதிப்பு என்று சொத்துப் பக்கத்தில் எழுதுவார்கள். தொட்டுப் பார்க்க முடியாது, விற்கவும் முடியாது. வாங்கிய கம்பனி நன்றாக உழைக்கும் வரை அதற்கு ஒரு பொருள் உண்டு. கரிலியன் மௌலெம், மக்அல்பைன், ஈகா என்று வரிசையாகக் கம்பனிகளை வாங்கியது. 2016 ஐந்தொகையில் நன்மதிப்பு மட்டும் 1.57 பில்லியன். மொத்த உரிமையாண்மையே 730 மில்லியன் என்றால், நன்மதிப்பைக் கழித்தவுடன் மிஞ்சுவது பூச்சியத்துக்குக் கீழே 800 மில்லியனுக்கு மேல் குழி. ஈகாவை 2011 இல் வாங்கினார்கள். அதன்பின் ஐந்து வருடத்தில் அது 260 மில்லியன் நட்டம். அப்படியிருந்தும் அதற்கு எழுதிய 329 மில்லியன் நன்மதிப்பில் ஒரு பவுண் கூடக் குறைக்கவில்லை. படுத்துவிட்ட மாட்டை வாங்கிய விலைக்கே கணக்கில் வைத்திருந்த மாதிரி.

இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. உரிமையாண்மை மீதான இலாபம் என்று ஒரு விகிதம் இருக்கிறது. பங்குக்காரரின் காசு எவ்வளவு உழைத்தது என்று சொல்வது. பல முதலீட்டுப் புத்தகங்கள் இதைத் தலையில் தூக்கி வைக்கும். கரிலியனுக்கு 130 ஐ 730 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 18 வீதம். வகுப்பில் முதலாம் பிள்ளையின் புள்ளி. ஆனால் சொந்தக் காசு குறையக் குறைய, மற்றவர்களின் காசில் தொழில் நடக்க நடக்க, இந்த விகிதம் தானாகவே ஏறும். கடன் விகிதத்தைப் பக்கத்தில் வைக்காமல் இதைத் தனியே பார்ப்பதில் பயனில்லை என்பது எங்கள் எண்ணம்.

பிறகு நடந்தது வேகமாக நடந்தது. 2017 மார்ச் 1 இல் அந்த நல்ல கணக்குக்கு ஒப்பம் வைத்தார்கள். ஜூன் 9 இல் 55 மில்லியன் பங்கிலாபம் கொடுத்தார்கள். ஜூலை 10 இல், ஒப்பந்தங்களில் 845 மில்லியன் குறைத்து எழுத வேண்டியிருக்கிறது என்று அறிவித்தார்கள். அன்றைக்கு மட்டும் பங்கு 39 வீதம் விழுந்தது. செப்டெம்பரில் இன்னும் 200 மில்லியன். இரண்டையும் கூட்டினால் அதற்கு முந்திய ஏழு வருட இலாபம் முழுதும் அடிபட்டுப் போனது. 2018 ஜனவரி 15 இல் கம்பனி கலைக்கப்பட்டபோது கையில் இருந்தது 29 மில்லியன் காசு, பொறுப்புகள் ஏறக்குறைய 7 பில்லியன். அதில் ஓய்வூதியப் பொறுப்பு மட்டும் 2.6 பில்லியன். பங்கு கடைசியாக 14 பென்ஸில் நின்றது. அதை வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 9.7 வீதம் என்று பத்தாயிரம் பவுண் போட்ட ஒருவருக்கு அந்த 970 பவுண் ஒரு தடவை கூட முழுதாக வந்திருக்காது. 2023 ஒக்டோபரில் கணக்காய்வுக் குறைபாடுகளுக்காகக் கே.பி.எம்.ஜி. நிறுவனத்துக்கு 21 மில்லியன் பவுண் தண்டம் விதிக்கப்பட்டது. பங்குக்காரருக்கு அதில் ஆறுதல் இல்லை.

கரிலியனை வைத்துச் சொன்னதால் எல்லாக் கம்பனிக்கும் இதே எண்களைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. தொழிலுக்குத் தொழில் வேறு. உயர்தர வகுப்பில் வர்த்தகம் படித்தவர்கள் நடைமுறை விகிதம் 2 க்கு 1 இருக்க வேண்டும் என்று பாடமாக்கியிருப்போம். ஒரு வருடத்துக்குள் கையில் வரக்கூடிய சொத்து, ஒரு வருடத்துக்குள் கொடுக்க வேண்டிய பொறுப்பைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்பது அது. டெஸ்கோவுக்கு அது 1 கூட இல்லை. அதனால் டெஸ்கோ விழப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை. பாலும் பாணும் விற்ற காசு அன்றைக்கே வருகிறது, பால்காரருக்கும் பாண்காரருக்கும் பல நாள் கழித்துத்தான் கொடுக்கிறார்கள். மற்றவர்களின் காசு எப்போதும் கையில் சுழன்றுகொண்டிருக்கும் தொழில் அது. அதே விகிதம் ஒரு கட்டட ஒப்பந்தக் கம்பனிக்கு வந்தால் கவலைப்பட வேண்டும். ஆகவே ஒரு கம்பனியின் விகிதத்தை அதே தொழில் செய்யும் இன்னொரு கம்பனியோடும், அதன் சொந்தப் பழைய வருடங்களோடும்தான் ஒப்பிட வேண்டும்.

வங்கிப் பங்குகளுக்கு மேலே சொன்ன கடன் விகிதம் பொருந்தவே பொருந்தாது. மக்கள் போட்ட வைப்பு முழுதும் வங்கிக்குக் கடன்தான். அங்கே பலர் பார்ப்பது பங்கின் விலையைப் புத்தகப் பெறுமதியோடு ஒப்பிடும் விகிதம். அதிலும் பொறி உண்டு என்பது சுவிஸில் இருக்கும் எங்கள் உறவுகளுக்குத் தெரியும். 2022 முடிவில் கிரெடிட் சுவிஸின் புத்தகத்தில் 45 பில்லியன் பிராங் உரிமையாண்மை இருந்தது. 2023 மார்ச்சில் யூ.பி.எஸ். அதை வாங்கக் கொடுத்தது 3 பில்லியன். ஒரு பிராங் பொருள் சில சதத்துக்குக் கிடைக்கிறது என்று அதற்கு முதல் வாங்கியவர்களுக்குப் புத்தகம் கைகொடுக்கவில்லை. வைப்புக்காரர் நம்பிக்கை இழந்து காசை எடுக்கத் தொடங்கினால் எந்த விகிதமும் அதை முன்கூட்டிக் காட்டாது. வங்கிகளைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுத வேண்டும்.

மலிவாகத் தெரிவதில்தான் ஆபத்து என்றும் இல்லை. கனடாவில் 2000 ஆம் ஆண்டில் நோர்டெல் கம்பனியின் பங்கு 124 டொலரைத் தாண்டியது. ரொறன்ரோச் சந்தைச் சுட்டெண்ணில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த ஒரே கம்பனியாக இருந்தது. பணியாளர்களின் சேமிப்பும் அதற்குள் போனது. 2009 ஜனவரியில் அது வங்குரோத்துப் பாதுகாப்புக் கேட்டது. அங்கே பி-ஈ பார்ப்பதற்கே வழியில்லை. கணக்கியல் விதிப்படி பார்த்தால் நட்டம். சில செலவுகளை ஒதுக்கிவிட்டு, கம்பனி தானே சீர்செய்து வெளியிட்ட இலாபத்தைத்தான் எல்லோரும் பேசினார்கள். "சீர்செய்த இலாபம்" என்று எங்கே கண்டாலும், எதை ஒதுக்கினார்கள் என்று பார்க்காமல் அந்த எண்ணை வகுத்தலுக்கு எடுக்க வேண்டாம்.

இவ்வளவையும் பார்க்கக் கணக்காளராக இருக்க வேண்டியதில்லை. பங்குச் சந்தையில் உள்ள கம்பனிகளின் ஆண்டறிக்கை இலவசம். கம்பனியின் சொந்த இணையத்தளத்தில் இருக்கும். பிரித்தானியாவில் கம்பனீஸ் ஹவுஸ், கனடாவில் செடார் பிளஸ், அமெரிக்காவில் எட்கார் என்ற அரச தரப்புப் பதிவுகளிலும் எடுக்கலாம். முன்பக்கத்தில் தலைவரின் படமும் சிரித்த முகத்தோடு தலைக்கவசம் போட்ட தொழிலாளர் படமும் வரும். அவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். ஒரு கொப்பி எடுத்து ஐந்து வருடத்துக்கு ஐந்து கோடு போடுங்கள். வரிக்குப் பிந்திய இலாபம், தொழிலிலிருந்து வந்த காசு, கொடுத்த பங்கிலாபம், நிகரக் கடன், நன்மதிப்பு, உரிமையாண்மை. ஆறு வரி. முதல் மூன்றில் இரண்டாவது வரி மூன்றாவதை விட வருடா வருடம் சிறிதாக இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பிறகு பின்பக்கத்து அடிக்குறிப்புகளுக்குப் போய், கடன்கொடுத்தோர் பற்றிய குறிப்பில் "ஏனைய" என்ற வரி கிடுகிடுவென்று வளர்கிறதா என்றும், சராசரிக் கடன் என்று எங்காவது சொல்லியிருக்கிறார்களா என்றும் தேடுங்கள். பழகியவருக்கு ஒரு கம்பனிக்கு ஒரு மணித்தியாலம், புதிதாகத் தொடங்குபவருக்கு ஒரு சனிக்கிழமைப் பின்னேரம். அதற்கு நேரமில்லாதவர்கள் தனிக் கம்பனிப் பங்குகளை விட்டுவிட்டு, முழுச் சந்தையையும் சேர்த்து வாங்கும் குறைந்த கட்டண நிதியங்களில் போடுவதே பொருத்தம். சந்தை இறங்கினால் அதுவும் இறங்கும். ஆனால் ஒரு கம்பனியின் அடிக்குறிப்பைத் தவறவிட்டதற்காக முழுச் சேமிப்பும் போகாது.

பழகிப் பார்க்க விரும்புகிறவர்கள் கரிலியனிலேயே தொடங்கலாம். கம்பனீஸ் ஹவுஸில் அதன் பழைய ஆண்டறிக்கைகள் இருக்கின்றன. 2012 இலிருந்து 2016 வரை ஐந்தையும் இறக்கி, முடிவு தெரியாதது போல அந்த ஆறு வரியையும் பிள்ளைகளோடு இருந்து நிரப்பிப் பாருங்கள். எந்த வருடத்தில் நீங்கள் விற்றிருப்பீர்கள் என்று அவர்களிடம் கேளுங்கள்.